அடிப்பருப்பு

மாட்டுக்குப் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டாம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், வீட்டு வேலைக்கு வருகிறவளுக்குக் கொடுத்தேன் என்றோ, கைதவறிக் கொட்டிப் போயிற்று என்றோ. ஒரு மாதம் முழுக்கவா கைதவறும்? அதற்கு மாடு தேவலை. ஆனால் அவர்கள் தெருவில் மாடு ஏது, பால் பாக்கெட்டில் வருகிறது. பிரமு ஆஸ்பத்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மடியிலிருந்த துணிப்பையின் காதை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். ஒன்பது மணிக்கு அவள் புருஷன் குற்றாலிங்கத்துக்கு ரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குத்தான் ரிசல்ட் வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் சொல்லுவார். இப்போது பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். அடுத்த நாற்காலியில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கமில்லை, தூங்கினால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். மேல்துண்டை வலது பக்கத்து வயிற்றின் மேல் போட்டு, அதன்மேல் கையை வைத்து மறைத்திருந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் குடலில் ஓட்டை விழுந்து, கெட்டுப்போனதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை வயிற்று ஓரத்தில் வெளியே கொண்டுவந்து ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். போகிறதெல்லாம் அந்தப் பைக்குள்தான் போகும். மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிடலாம், பெரிய காரியமில்லை என்றார்கள்; ஆனால் ரத்தத்தில் அல்புமின் என்று ஒன்று மூன்றைத் தாண்ட வேண்டுமாம். போன மாதம் பார்த்தபோது இரண்டு புள்ளி நான்கு. “ஒடம்புல புரோட்டீனே இல்ல. இப்பத் தைச்சா தையல் நிக்காது, உள்ள பிரிஞ்சிரும்” என்று சொல்லி டாக்டர் நாளைத் தள்ளிவைத்துவிட்டார். லைன்மேனாக இருந்து கம்பம் கம்பமாக ஏறி இறங்கின மனுஷர், நாலு மாதமாக வாசல் நடைக்கு வருவதில்லை. கோயில் இல்லை, கல்யாணவீடு இல்லை, துஷ்டி கேட்கச் சாவுவீடு இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போதுகூடக் கடைசி சீட்டில் ஜன்னலோரம் போய் ஒடுங்கி, யாராவது மூக்கைச் சுளிக்கிறார்களா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்தரும் சுளிக்கவில்லை. அவருக்கு அது நம்பிக்கைப்படவில்லை.

டயட்டீசியன் என்று போட்டிருந்த கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பிள்ளை ரெஜினா உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு கேட்கும்போதெல்லாம் பிரமுவுக்குத் தன்னைப் பற்றித்தான் சொல்லுகிறாளோ என்று இருந்தது. போன மாதம் அவள், “முட்டை வெள்ளை தினம் ரெண்டு குடுங்கம்மா, சீக்கிரம் ஏறிரும்” என்று சொன்ன உடனே இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “அதுக்கு இந்தப் பையோடயே போய்ச் சேந்துருதேன்.” அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. ஒரு தாளில் பருப்பு, பயறு, கடலை, சோயா, தயிர், பன்னீர் என்று எழுதி, “சைவத்துலயும் இருக்கு சார், ஆனா நெறைய சாப்பிடணும், வேளை தவறக் கூடாது” என்றாள். பிரமு அந்தத் தாளை அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். வேளை தவறவில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. இன்றைக்குக் காலையில் ரெஜினா, “என்னென்ன குடுத்தீங்க, எப்படிக் குடுத்தீங்கன்னு சொல்லுங்கம்மா” என்று பேனாவைத் திறந்ததும், படித்ததே பரீட்சையில் வந்துவிட்ட பிள்ளை மாதிரிக் கடகடவென்று ஒப்பித்தாளே, அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. “பருப்பைக் கொழைய வேகவச்சு, அலுங்காம ஒரு மணி நேரம் விட்டா மேல தெளிஞ்சு நிக்கும்லா, அதை மட்டும் இறுத்து, சீரகம் நல்லமொளவு தட்டிப் போட்டு, நெய் விட்டு, ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர்ம்மா. பயறும் அப்படித்தான். கொள்ளும் அப்படித்தான்.” ரெஜினாவின் பேனா நின்றது. “சரி, அப்போ அந்தப் பருப்பு?” “எந்தப் பருப்பு?” “அடியில நிக்கிற பருப்பும்மா.” “அது சக்கைல்லா?” அந்தப் பிள்ளை ரொம்ப மெதுவாக, “அய்யோ அம்மா, தண்ணியில என்ன இருக்கு? நாம தேடுற புரோட்டீன் அத்தனையும் அந்தப் பருப்புலதான நிக்கு. அதை யாரு சாப்பிட்டா?” என்றாள். யாரு சாப்பிட்டா. குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, எழுதுவதற்குத்தான் கேட்டாள். பிரமுவின் வாய் தானாகச் சொல்லிற்று, மாட்டுக்குப் போட்டேன் என்று. ரெஜினா அதையும் எழுதினாளோ? எழுதியிருப்பாள். நல்லவேளை, இவர் உள்ளே வரமாட்டேன் என்று வெளியிலேயே இருந்துவிட்டார்.

சாறு முடியாதவர்களுக்கு, சக்கை மற்றவர்களுக்கு. இதை யாரும் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கரும்பில் அப்படித்தானே? தேங்காயில் அப்படித்தானே, ஒட்டப் பிழிந்து பாலை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற பூவில் என்ன இருக்கிறது? கஷாயம் வைத்தால் சுக்கையும் மிளகையுமா மெல்லுகிறார்கள்? பருப்பு மட்டும் ஏன் இப்படித் தலைகீழாகப் போய் நிற்க வேண்டும். மாமனாருக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது அவள் மாமியார் இருபத்தோரு நாள் பருப்புத் தெளிவு கொடுத்தே எழுப்பி உட்காரவைத்தாள், பிரமு கண்ணால் பார்த்திருக்கிறாள். மகள் சங்கரி பால் தவிர்த்து முதன்முதலில் ருசி பார்த்தது பருப்புத் தண்ணியைத்தான், இன்றைக்கு ஓசூரில் கம்பெனியில் அவள் முப்பது பேரை மேய்க்கிறாள். அது மட்டுமா. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நர்ஸ் பையை மாற்றும்போது பிரமு அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டாள். ஈரமாகச் சிவந்து, கைப்பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. அவர், “ஏளா, வெளிய போ” என்று கத்தினார். அதற்குப் பிறகு அவர் அவளைக் கிட்டே விடுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு தானே எல்லாம் செய்துகொள்ளுகிறார். ஆனால் பார்த்தது பார்த்ததுதானே. ஒவ்வொரு வேளையும் கரண்டியைப் பிடிக்கும்போது அந்தச் சின்ன உதடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இதற்குள்ளே போய்ப் பருப்பு அடைத்துக்கொண்டால்? ஒரு துணுக்கு நின்றுவிட்டால்? அதனால்தான் இரண்டு தடவை வடிகட்டினாள். முதலில் வடிகட்டியில், அப்புறம் வேட்டித் துணியில். கண்ணாடி மாதிரித் தெளிந்து விழும். எவ்வளவு தெளிவோ அவ்வளவு சத்து என்று நினைத்து, துணியில் ஒட்டியிருக்கிற மஞ்சளைக்கூட வழித்து எடுத்துத் தள்ளிவைத்தாளே, பாவி. பயம்தான் அத்தனைக்கும் காரணம் என்று அந்த ரெஜினாவிடம் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னாலும்தான் என்ன, பயந்துகொண்டே செய்தால் தப்பு தப்பில்லை என்று ஆகிவிடுமா.

கேட்டார். அதுதான் முள்ளாகக் குத்துகிறது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஏளா, இன்னைக்கு ஒரு கரண்டி பருப்பாட்டுப் போடேன், தண்ணியாக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு” என்றார். அவர் ஒன்றை வேண்டுமென்று கேட்கிற ஆளே இல்லை. அவள் என்ன செய்தாள்? சின்னப்பிள்ளையை அதட்டுவது போல, “ஒழுங்காச் சொகமாகணுமா வேண்டாமா?” என்று அதட்டினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் குடித்தார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அந்தப் பருப்பைத்தான் தின்றாள். முதல் நாள் கொட்ட மனசில்லாமல்தான் தின்றாள். கால் கிலோ பருப்பு, அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறதா? உப்பும் ஊறுகாயும் தொட்டு விழுங்கினாள். மறுநாள் இரண்டு மிளகாய் வற்றலும் பூண்டும் தட்டிப் போட்டுத் தாளித்தாள். அதற்கு மறுநாள் சோற்றில் போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தாள். பன்னீர் என்று தாளில் எழுதியிருந்ததற்குப் பாலை எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, தண்ணீரை வடித்து உப்புப் போட்டு அவருக்குக் கொடுத்தாள். கட்டியில் சீனி தூவி அவள் தின்றாள். ருசியாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். முப்பத்தொரு வருஷத்தில் அவள் தனக்கென்று எதையும் தாளித்ததில்லை, மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் மோரும் சோறும். இந்த ஒரு மாதம்தான் அவளுக்கு மதியம் எப்போது வரும் என்று இருந்தது. உடம்பு சொல்லிவிட்டது, அதற்கு மறைக்கத் தெரியவில்லை. சீப்பில் கொத்துக்கொத்தாக வந்த முடி நின்றுபோயிற்று. பால் பாக்கெட்டைக் கிள்ளினாலே ஒடிகிற நகம் இப்போது ஒடிவதில்லை. மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கவில்லை. ரவிக்கைக் கை இறுக்கியதால் தையல் பிரித்துவிட்டாள். எதிர்வீட்டு மதினி வாசலில் நிறுத்திவைத்து ஏற இறங்கப் பார்த்து, “என்ன மதினி, கவலை ஒங்களுக்கு நல்லா ஒத்துக்கிடுது போலுக்கே” என்றாள். “அழுது அழுது மொகம் வீங்கிக் கெடக்கு” என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தாள். வீக்கம் மாதிரித் தெரியவில்லை.

வீக்கம் என்றதும் மனசு அங்கே போயிற்று. போகக் கூடாது என்று அவள் காலையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். குற்றாலிங்கத்தின் கால் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செருப்பு வார் அழுத்தின இடம் பள்ளமாக அப்படியே நின்றது, மேலே வரவில்லை. ரத்தம் எடுத்த பையன் கணுக்காலில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தபோதும் பள்ளம் அப்படித்தான் நின்றது. அம்மாவுக்கும் அப்படித்தான் நின்றது. பிறந்த ஊரான கடையத்தில், பிரமுவுக்குப் பதினேழு வயதில், அம்மா வயிற்றுக்கடுப்பு என்று படுத்தாள். மூன்று மாதம். பிரமுதான் எல்லாம் செய்தாள், பிரமுதான் தெளிவு எடுத்தாள். தம்பிகள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள், வீடு மெழுகினாள், அவ்வளவு பொறுப்பு என்று ஊரே சொல்லிற்று. அம்மாவின் கை கரைந்துகொண்டே போக, கால் மட்டும் வீங்கிற்று. நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அமுக்கினால் பள்ளம். தம்பிக்கு அது விளையாட்டாக இருந்தது, அம்மாவும் சிரித்துக்கொண்டு காலை நீட்டுவாள். அந்த மூன்று மாதம் அடிப்பருப்பைத் தின்றது யார்? வேண்டாம், அதைக் கேட்க வேண்டாம். மூன்று பிள்ளைகளும் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து, வீட்டில் இவ்வளவு பருப்பு எந்நாளும் இருந்ததில்லையே என்று சந்தோஷமாகத் தின்றார்கள். அந்த வருஷம்தான் பிரமு சதை பிடித்து ஆளானவள் மாதிரி ஆனாள், அந்த வருஷம்தான் பெண்கேட்டு வர ஆரம்பித்தார்கள். இல்லை, அம்மாவுக்கு வேறு நோய். ஈரல் கெட்டுப்போயிற்று என்று டாக்டரே சொன்னார். சொன்னாரா, இல்லை அப்பா சொன்னாரா? ஈரல்தான். ஈரல் என்றால் தெளிவு கொடுத்தாலும் ஒன்றுதான், பருப்புக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் அம்மாவும் ஒருநாள் பருப்புக் கேட்டாளோ? கேட்டிருப்பாளா? எவ்வளவு துழாவினாலும் ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்து, தான் அதட்டியிருந்தால்? முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு யாரிடம் போய் விசாரிக்க முடியும். பிரமு முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள், “தண்ணி வேணுமா?” என்று பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சொல்லிவிடலாம், இப்போதே, அவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும்போதே சொல்லிவிடலாம். என்னாங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு. அதற்கு மேல் எப்படிச் சொல்ல? திட்டுவாரா? திட்டினால் நல்லது. அவர் திட்டுகிற ஆளும் இல்லை, தாங்குகிற ஆளும் இல்லை. நாத்தனார் அவளைக் கூடத்தில் வைத்துக் கிழிகிழியென்று கிழித்தபோதும் பேப்பரை மடிக்காமல் படித்துக்கொண்டிருந்தவர். யாரிடமும் அவளுக்காக ஒரு வார்த்தை பேசினதில்லை, அவளுக்கு எதிராகவும் பேசினதில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. இந்த மௌனத்தோடு பையைக் கட்டிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் அந்த உள்ளறையில் இருப்பாரே, பருப்பைத் தின்றவள் என்று ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்ப்பாரே. பிரமு சாமியைக் கும்பிட்டாள். மூன்றைத் தாண்டிவிடட்டும். மூன்றே மூன்று. தாண்டிவிட்டால் இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், தெளிவிலும் கொஞ்சம் சத்து இறங்கியிருக்காதா, இத்தனை டம்ளர் குடித்திருக்கிறாரே. கும்பிட்டு முடித்த பிறகுதான், அவர் சுகமாக வேண்டும் என்று கும்பிட்டோமா, நாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கும்பிட்டோமா என்று சந்தேகம் வந்தது. சீ என்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து கும்பிட ஆரம்பித்தபோது, “குற்றாலிங்கம் யாரு?” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார், பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ரெண்டு புள்ளி ரெண்டு” என்றார். “போன மாசத்துக்குக் கொறஞ்சிருக்கு. ஏம்மா, ஒரு மாசம் டயம் குடுத்து, எழுதியும் குடுத்தனுப்பியிருக்கு. வீட்டுல அவருக்குச் சோறு போடுறீங்களா இல்லையா? என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?” பிரமு மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த விசிட்டிங் கார்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது. “அவ மேல தப்பு இல்ல டாக்டர். அவ வேளாவேளைக்குக் குடுத்தா. நாந்தான் சாப்பிடல. அவ அங்கிட்டுத் திரும்பவும் வாஷ்பேசின்ல ஊத்திட்டேன்.” பிரமு திரும்பினாள். குற்றாலிங்கம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்றவில்லை. ஒரு டம்ளர்கூட ஊற்றவில்லை, அவள் எதிரேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், கடைசிச் சொட்டு நெய்வரைக்கும் அண்ணாந்து குடித்தார். டாக்டர், “என்ன சார் நீங்க, இவ்வளவு வயசாகியும்” என்று அவர் பக்கம் திரும்பிவிட்டார். தப்பித்தாயிற்று. பேசாமல் இருந்தால் போதும், இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும். டாக்டர் அவரைப் பேசிக்கொண்டே போனார், உயிர் மேல் ஆசை இல்லையா என்றார், பச்சைப்பிள்ளையா என்றார். அவர் தலையைக் குனிந்து ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவுக பொய் சொல்லுதாக டாக்டர்” என்றாள் பிரமு. குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “அவுக ஒரு சொட்டுக்கூடக் கொட்டல. நான் தெளிவை மட்டும் வடிச்சு அவுகளுக்குக் குடுத்துட்டேன். பருப்பை நான் தின்னுட்டேன். அந்தப் பிள்ளைட்ட மாட்டுக்குப் போட்டேன்னு சொன்னேன், அதுவும் பொய்யி. நாந்தான் தின்னேன். ஒரு மாசமா அவுக சாப்பிட வேண்டியதை எல்லாம் நாந்தான் தின்னேன். அவுக ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாக, அன்னைக்கும் நான் குடுக்கல.” டாக்டருக்குப் பாதிதான் புரிந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “சரிம்மா, அழாதீங்க. அடைச்சிரும்னு பயந்திருப்பீங்க, மசிச்சுக் குடுத்தா ஒண்ணும் அடைக்காது. இனிமே பருப்பை அவருக்குக் குடுங்க, நீங்களும் சாப்பிடுங்க. நாலு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம்” என்று எழுத ஆரம்பித்தார். இன்னும் நாலு வாரம். பிரமு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். குற்றாலிங்கம் காலண்டரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தை, கையை, மறுபடி முகத்தை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“அதானா” என்றார். “ராத்திரி கால் வலிக்குன்னு நீ மொனங்கவே இல்லியே. எனக்குக் கேட்டுரக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கன்னுல்லா நெனச்சேன்.”

பிரமு நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக ராத்திரி ராத்திரி இருந்த கால்வலி, இல்லை. எந்த நாளிலிருந்து இல்லை என்று யோசித்தாள், அவளுக்குத் தெரியவில்லை.

“தைப்பூசத்துக்கு மறுநாள்லருந்து” என்றார் அவர்.